எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கும் என்ன கணக்கு?

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்படும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்பால் ஹார்மோன் உள்ள மருந்துகளின் குறிப்புத்தாளில் 2003 முதல் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை ஒன்று இருந்துவந்தது. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், மறதி நோய் என்று நீளும் பட்டியல் அது. அதில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2025 நவம்பரில் அறிவித்தது. இருபது வருடங்களுக்கு மேலாகப் பயமுறுத்திவந்த மருந்து திடீரென்று எலும்புக்கு நல்லது, எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டதா? இந்தக் குழப்பம் நியாயமானதுதான்.

அறிவிப்பை எடைபோட வேண்டுமானால், எலும்புக்குள் ஹார்மோன் என்ன வேலை பார்க்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் மெனோபாஸ் (மாதவிடாய் அடியோடு நிற்பது), கர்ப்பப்பை அறுவை, கருத்தடை ஊசி, புராஸ்டேட் சிகிச்சை, ஓட்டப்பந்தய வீராங்கனைக்கு மாதக்கணக்கில் வராமல் போகும் தீட்டு ஆகிய எல்லாவற்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே என்று புரியும்: உடம்பு எத்தனை வருடம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இருந்தது?

முதலில் ஒரு சொல் குழப்பம்

"எலும்பு தேய்மானம்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் மூன்று நோய்களைப் பேசிக்கொண்டிருக்கிறோம். முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்வதும் தேய்மானம். கழுத்தில், இடுப்பில் டிஸ்க் வறண்டு போவதும் தேய்மானம். எலும்பின் உள்ளே அடர்த்தி குறைந்து அது பொரபொரப்பாவதும் தேய்மானம். இங்கே பேசப்போவது மூன்றாவதைப் பற்றி மட்டும்தான். மருத்துவர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள்; தமிழில் எலும்புப்புரை.

முதல் இரண்டும் வலிக்கும். எலும்புப்புரை உடைகிற நாள் வரைக்கும் வாயே திறக்காது. உடைந்த பிறகும்கூடச் சில சமயம் தெரியாது: முள்ளெலும்பு நசுங்கும் முறிவுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு யாருடைய கவனத்துக்கும் வராமலே போய்விடுகின்றன. உயரம் குறைந்திருக்கிறதே, முதுகு கூன் போடுகிறதே என்று வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுக்கும்போது கண்டுபிடிக்கிறார்கள். ஆகவே "முட்டி வலிக்குது, கால்சியம் மாத்திரை குடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்பவருக்கு இருக்கும் நோய் ஒன்று, வாங்கும் மருந்து வேறொன்றுக்கு.

இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும் வீடு

எலும்பு பார்க்கத்தான் கல் மாதிரி. உண்மையில் ஏதாவது ஒரு மூலையில் எப்போதும் மராமத்து நடந்துகொண்டே இருக்கும் வீடு அது. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பழையது போய்ப் புதியது வருகிறது. இந்த வேலையில் மூன்று வகைச் செல்கள் இருக்கின்றன.

1. இடிக்கும் ஆள், ஆஸ்டியோகிளாஸ்ட். பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல். எலும்பின் பரப்பில் ஒட்டிக்கொண்டு அமிலத்தையும் நொதிகளையும் சுரந்து சின்னப் பள்ளம் தோண்டும். ஓர் இடத்தில் இந்த வேலை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.

2. கட்டும் ஆள், ஆஸ்டியோபிளாஸ்ட். தோண்டிய பள்ளத்தில் முதலில் கொலாஜன் என்ற புரதத்தைப் பரப்பும். அதன் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து இறுகும். இதற்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும்.

3. மேஸ்திரி, ஆஸ்டியோசைட். கட்டும்போது சுவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்ட பழைய கட்டும் செல். எலும்பு எங்கே வளைகிறது, எங்கே நுண்விரிசல் விட்டிருக்கிறது என்று உணர்ந்து, இடிப்பவருக்கும் கட்டுபவருக்கும் ஆள் அனுப்பும்.

இடிக்க மூன்று வாரம், கட்ட மூன்று மாதத்துக்கு மேல். இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஏதோ காரணத்தால் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் இடிக்கும் இடங்கள் பெருகினால், கட்டும் ஆட்கள் எவ்வளவு வேகமாக ஓடிவந்தாலும் ஈடுகொடுக்க முடியாது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது நடப்பது இதுதான்.

சாவியும் போலிப் பூட்டும்

மாதவிடாய் நிற்பதற்கும் எலும்பு மெலிவதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதை 1940-களின் தொடக்கத்திலேயே எடுத்துச் சொன்னவர் ஃபுல்லர் ஆல்பிரைட். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர். தொடர்பைச் சரியாகப் பிடித்தார். காரணத்தில்தான் சற்றே பிசகினார். ஈஸ்ட்ரோஜன் போனதால் கட்டும் செல்கள் சோர்ந்துவிடுகின்றன என்று அவர் நினைத்தார். இடிக்கும் செல்கள் கட்டவிழ்ந்துவிடுவதே முதன்மையான கோளாறு என்பது பிற்பாடு தெரிந்தது.

இடிக்கும் செல் தானாக முளைத்துவிடாது. கட்டும் செல்களின் குடும்பமும் மேஸ்திரிச் செல்களும் ராங்க்-லிகண்ட் என்ற ஒரு புரதத்தை வெளியிடுகின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்லின் மேல் ராங்க் என்ற ஒரு பூட்டு இருக்கிறது. லிகண்ட் சாவியாகப் போய் அந்தப் பூட்டில் விழுந்தால்தான் இளம் செல் முதிர்ந்து ஆஸ்டியோகிளாஸ்ட் ஆகும். கட்டும் செல்கள் சுரக்கும் இன்னொரு புரதமும் உண்டு. பெயர் ஆஸ்டியோபுரோட்டிஜெரின், 1997-ல் வெளிச்சத்துக்கு வந்தது. இது ஒரு போலிப் பூட்டு. சாவியைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, உண்மையான பூட்டுக்குப் போகவிடாது.

சாவி எத்தனை, போலிப் பூட்டு எத்தனை என்ற விகிதம்தான் இடிக்கும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இதில் ஈஸ்ட்ரோஜன் பல இடங்களில் கை வைக்கிறது.

1. சாவிகளைக் குறைக்கிறது, போலிப் பூட்டுகளைக் கூட்டுகிறது.

2. நோய் எதிர்ப்புச் செல்கள் வெளியிடும் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருட்களைக் கட்டுக்குள் வைக்கிறது. இவை கூடினாலும் இடிக்கும் செல்கள் பெருகும்.

3. முதிர்ந்த இடிக்கும் செல்லைச் சீக்கிரம் சாகவைக்கிறது. கட்டும் செல்லின் ஆயுளையும் மேஸ்திரிச் செல்லின் ஆயுளையும் நீட்டுகிறது.

4. குடலில் கால்சியம் உறிஞ்சப்படவும், சிறுநீரில் வீணாகாமல் இருக்கவும் துணை செய்கிறது.

நான்காவதை வைத்துத்தான் கடையில் கால்சியம் டப்பாக்கள் விற்பனையாகின்றன. ஆனால் முதல் மூன்றும் தளர்ந்துவிட்டால், கொட்டிய செங்கலும் மணலும் வாசலில் கிடக்க, உள்ளே இடிக்கிற வேலை பாட்டுக்கு நடக்கும்.

குறுக்குக் கம்பு அவிழ்ந்த சாரம்

எலும்பின் வெளிப்புறம் கெட்டியான ஓடு. உட்புறம் தேன்கூடு மாதிரி மெல்லிய சட்டங்களும் தகடுகளும் பின்னிய பஞ்சு எலும்பு. எலும்புக்கூட்டின் எடையில் இந்தப் பஞ்சு எலும்பு 20 சதவீதம்தான். ஆனால் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் அதனுடையது. இடிக்கும் செல் வேலை செய்வது பரப்பின் மேல் என்பதால், ஈஸ்ட்ரோஜன் குறைந்தவுடன் முதல் அடி விழுவதும் அங்கேதான். பஞ்சு எலும்பு மிகுந்த முள்ளெலும்பும் மணிக்கட்டும் முதலில் உடைவதற்கும், ஓடு தடித்த எலும்புகள் பல வருடம் கழித்துப் பலவீனமாவதற்கும் காரணம் இதுவே.

கட்டடத்துக்குச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செங்குத்தாக நிற்கும் கம்புகள் எடையைத் தாங்குகின்றன. குறுக்கே கட்டியவை சும்மா இருப்பது போலத் தோன்றும். அந்தக் குறுக்குக் கம்புகளில் ஒன்றுவிட்டு ஒன்றை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? நிற்கும் கம்பில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் பிடிப்பில்லாமல் நிற்கும் நீளம் இரட்டிப்பாகிவிட்டது. வளையாமல் தாங்கக்கூடிய எடை நான்கில் ஒன்றாகிவிடும். இது பொறியாளர்களின் பழைய கணக்கு.

முள்ளெலும்புக்குள்ளும் முதலில் மெலிந்து அறுவது குறுக்குச் சட்டங்கள்தான். எடை கொஞ்சம்தான் குறைந்திருக்கும், வலிமை அதைவிட எத்தனையோ மடங்கு போயிருக்கும். ஒரு குடத்தைக் குனிந்து தூக்கியதில், பலமாக இருமியதில்கூட எலும்பு நசுங்குவது அதனால்தான். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கட்டும் செல்லுக்கு உட்கார ஒரு பரப்பு வேண்டும். மெலிந்த சட்டத்தைத் தடிமனாக்க அதற்குத் தெரியும். அறுந்துபோய் இடமே காலியான சட்டத்தை எதன் மேல் கட்டும்? எந்த மருந்தும் போன அடர்த்தியைக் கொஞ்சம் மீட்கும், பழைய பின்னலை அப்படியே மீட்காது.

204 சென்டிமீட்டர் உயர மனிதர்

பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன், ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்றுதான் பள்ளியில் படித்தோம். எலும்பு விஷயத்தில் அந்தப் பாடத்தைக் குலைத்தது 1994-ல் அமெரிக்காவிலிருந்து வெளியான ஒரு நோயாளியின் விவரம்.

அவருக்கு வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர். இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எக்ஸ்ரேயில் பார்த்தால் எலும்பின் வயது 15 தான். பருவ வயது முடியும்போது மூடிக்கொள்ள வேண்டிய வளர்ச்சித் தட்டுகள் திறந்தே இருந்தன. டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவில் இருந்தது. ஈஸ்ட்ரோஜனோ வழக்கத்தைவிட அதிகம். ஆனால் எலும்பின் அடர்த்தி மோசமாகக் குறைந்திருந்தது. காரணம், ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி மரபணுப் பிழையால் அவர் உடம்பில் வேலை செய்யவில்லை. ஈஸ்ட்ரோஜன் பட்டை ஒட்டிச் சிகிச்சை தந்தும் பலனில்லை. ஏற்பியே இல்லாதபோது எவ்வளவு தந்தால் என்ன?

ஆணின் எலும்பை டெஸ்டோஸ்டிரோன் நேராகக் காக்கிறது என்றால் இவருடைய எலும்பு ஏன் மெலிய வேண்டும்?

அடுத்த சில ஆண்டுகளில் வேறு சில ஆண்கள் அறியப்பட்டார்கள். இவர்களுக்கு ஏற்பி சரியாக இருந்தது. அரோமடேஸ் என்ற நொதி இல்லை. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் நொதி அது. கொழுப்புத் திசு, மூளை, எலும்பு என்று பல இடங்களில் இருப்பது. அது இல்லாததால் இவர்களும் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தார்கள், எலும்பும் மெலிந்திருந்தது. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பயனில்லை. சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் வளர்ச்சித் தட்டுகள் மூடின, எலும்பின் அடர்த்தி ஏறியது.

அபூர்வ நோயாளிகளை வைத்துப் பொது விதி எழுதலாமா என்று கேட்கலாம். 2000-ல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அதற்கும் பதில் தேடினார்கள். வயதான ஆண்கள் 59 பேருக்கு மருந்தால் இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பத் தந்து அளந்து பார்த்தார்கள். எலும்பு கரையாமல் காப்பதில் பாலின ஹார்மோன்களின் பங்கை 100 என்று வைத்தால், குறைந்தது 70 ஈஸ்ட்ரோஜனுக்குப் போயிற்று. ஆணுக்கும் எலும்பின் முதன்மைக் காவல் ஈஸ்ட்ரோஜன்தான். டெஸ்டோஸ்டிரோன் அதற்கான மூலப்பொருள்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிகிறது. பெண்ணின் சினைப்பை 50 வயதையொட்டிக் கடையை மூடிவிடுகிறது. ஆணின் விதைப்பை அப்படித் திடீரென்று மூடுவதில்லை. மூலப்பொருள் வந்துகொண்டே இருப்பதால் ஈஸ்ட்ரோஜனும் வந்துகொண்டே இருக்கிறது. 65 வயது தாத்தாவின் இரத்தத்தில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன், ஹார்மோன் மருந்து எடுக்காத அதே வயதுப் பாட்டியின் இரத்தத்தில் இருப்பதைவிடப் பொதுவாக அதிகம். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பாட்டிக்கு முன்னதாகக் கூன் விழுவதில் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய பங்குண்டு.

சரி, டெஸ்டோஸ்டிரோனுக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. பருவ வயதில் ஆண் பிள்ளைகளின் எலும்பு வெளிப்புறமாகப் பருத்து அகலமாவதில் அதற்குப் பங்கு உண்டு. ஒரே அளவு இரும்பில் செய்தாலும் ஒல்லிக் குழாயைவிட அகலக் குழாய் வளைவுக்கு அதிகம் தாங்கும். ஆணின் எலும்புக்கு இது ஆரம்ப ஆதாயம். தசையை வளர்ப்பதும் டெஸ்டோஸ்டிரோன். தசை இழுக்கும் விசைதான் எலும்பைத் தடிக்கவைக்கும்.

ஆனால் வயதான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மருந்து கொடுத்தால் எலும்பு உடையாமல் இருக்குமா? 2017-ல் வெளியான ஒரு பரிசோதனையில் அடர்த்தி நன்றாகவே கூடியது. எல்லோரும் அடுத்து முறிவும் குறையும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். 2024 ஜனவரியில் 5,204 ஆண்களை வைத்து நடந்த இன்னொரு பரிசோதனையின் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களில் 3.50 சதவீதத்தினருக்கு எலும்பு முறிந்தது. வெற்று மருந்து எடுத்தவர்களில் 2.46 சதவீதம். அடர்த்தியைக் கூட்டிய மருந்து முறிவைக் கூட்டியிருக்கிறது. ஏன் என்பதில் இன்னும் விவாதம் ஓடுகிறது. "ஆண்களின் எலும்புக்கும் நல்லது" என்று டெஸ்டோஸ்டிரோனை யாராவது விற்க வந்தால் இந்த இரண்டு எண்களையும் கேட்டுப் பாருங்கள்.

ஹார்மோன் இல்லாத வருடங்கள் எங்கிருந்து வருகின்றன?

வாழ்நாளின் உச்ச எலும்பு அளவில் சுமார் 90 சதவீதம் பெண்களுக்கு 18 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 20 வயதுக்குள்ளும் சேர்ந்துவிடுகிறது. அதன் பிறகு கேள்வி, எப்போது, எவ்வளவு காலம் ஹார்மோன் வற்றியது என்பதுதான்.

1. மெனோபாஸ். முதல் ஐந்து முதல் ஏழு வருடங்களில் 20 சதவீதம் வரை எலும்பு போய்விடலாம். பிறகு வேகம் குறையும். மேற்கு நாடுகளில் சராசரி மெனோபாஸ் வயது 51. இந்தியாவில் 46-47. இந்த நான்கைந்து வருட இடைவெளியும் எலும்பின் கணக்கில்தான் ஏறுகிறது.

2. கர்ப்பப்பை அறுவை. இங்கேதான் நம் ஊரில் அதிகக் குழப்பம். கர்ப்பப்பைக்கும் எலும்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பது அதன் இரு பக்கமும் இருக்கும் சினைப்பைகள். அறுவை செய்துகொண்டவரிடம் "சினைப்பையையும் எடுத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டால், பலருக்குப் பதில் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பதில் இருக்கும். வெறும் "டி.ஏ.எச்." என்றிருந்தால் கர்ப்பப்பை மட்டும். கூடவே "பி.எஸ்.ஓ." என்று மூன்றெழுத்து இருந்தால் இரண்டு சினைப்பைகளும் போய்விட்டன. 38 வயதில் அது நடந்திருந்தால், அவருடைய எலும்புக்கு அன்றைக்கே மெனோபாஸ். இயற்கையாக மெல்ல மெல்ல வற்றுவதைவிட இந்தத் திடீர் நிறுத்தத்தில் இழப்பு வேகமாக இருக்கும். சினைப்பையை விட்டுவைத்திருந்தாலும் மெனோபாஸ் சற்று முன்கூட்டியே வரலாம். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் ஆயிரக்கணக்கானோர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் தலைப்புச் செய்தியானது. தீட்டு வந்தால் கூலி போகும் என்பதே பல பெண்கள் சொன்ன காரணம். செய்தி அடங்கிவிட்டது, அந்தப் பெண்களில் சினைப்பையையும் இழந்தவர்களுக்கு எலும்புக் கணக்கு இனிமேல்தான் வரும்.

3. பசியோடு ஓடும் உடம்பு. உழைப்புக்கு ஏற்ற சோறு இல்லாவிட்டால் மூளையின் ஹைப்போதலாமஸ் இனப்பெருக்க ஹார்மோன்களை நிறுத்திவைத்துவிடும், மாதவிடாய் நிற்கும். 1984-ல் வெளியான ஆய்வில், மாதவிடாய் நின்றுபோன வீராங்கனைகளின் சராசரி வயது 25. அவர்களின் முதுகெலும்பு அடர்த்தியோ 51 வயதுப் பெண்ணுடையது போல இருந்தது. உடற்பயிற்சி எலும்பை வளர்க்கும் என்பது உண்மைதான். ஈஸ்ட்ரோஜன் போன இழப்பை அதனால் ஈடுகட்ட முடியவில்லை. போட்டிக்குத் தயாராகும் பெண்ணுக்கு மூன்று மாதம் தீட்டு வராவிட்டால், "தொல்லை விட்டது" என்று பயிற்சியாளர் விட்டுவிடக் கூடாது. கருத்தடை மாத்திரை தந்து இரத்தப்போக்கை வரவழைப்பதும் தீர்வாகாது. தட்டில் சோறு கூட வேண்டும்.

4. கருத்தடை ஊசி. அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் "அந்தரா" என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடும் ஊசி, சினைப்பையின் ஈஸ்ட்ரோஜனைத் தாழ்த்துகிறது. போடும் காலத்தில் அடர்த்தி குறையும். நிறுத்தியதும் பெரும்பாலும் திரும்பிவிடும். 18-லிருந்து 45 வயது வரை உலக சுகாதார நிறுவனம் இதற்குத் தடை எதுவும் வைக்கவில்லை. அதற்குக் கீழும் மேலும் உள்ள வயதில் பலனைச் சற்று யோசித்து எடைபோடச் சொல்கிறது. வேண்டாத கர்ப்பத்தைவிட இந்த இழப்பு பெரிதென்று பயமுறுத்துவது சரியில்லை என்பது என் கருத்து.

5. தாய்ப்பால். பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்து, 3 முதல் 5 சதவீதம் எலும்பு குறையும். பால் மறக்கடித்த பிறகு அது திரும்பிவிடுகிறது. கவலை தேவையில்லை.

6. புற்றுநோய் மருந்துகள். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் இரண்டும் அரோமடேஸை அடைப்பவை. மெனோபாஸுக்குப் பிறகு கொழுப்புத் திசு உருவாக்கிவந்த கொஞ்சநஞ்ச ஈஸ்ட்ரோஜனும் நின்றுவிடும். புராஸ்டேட் புற்றுநோயில் ஊசி மூலமோ விதைப்பையை அகற்றியோ டெஸ்டோஸ்டிரோனை நிறுத்துகிறார்கள். மூலப்பொருள் போனால் ஈஸ்ட்ரோஜனும் போயிற்று. சுமார் 50,000 அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2005-ல் வெளியான ஆய்வில், ஐந்து ஆண்டுக்கு மேல் உயிரோடிருந்தவர்களில் இந்தச் சிகிச்சை பெற்றோரில் 19.4 சதவீதத்தினருக்கும் பெறாதோரில் 12.6 சதவீதத்தினருக்கும் எலும்பு முறிந்திருந்தது. சிகிச்சை உயிர் காப்பது. அதை நிறுத்துவது பேச்சே இல்லை. ஆனால் தொடங்கும்போதே எலும்பையும் அளந்துவிட வேண்டும்.

7. திருநங்கையர். மருத்துவக் கண்காணிப்பில் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளும் திருநங்கையின் எலும்புக்கு அந்த ஈஸ்ட்ரோஜனே காவல். ஆபத்து, அறுவை முடிந்த பிறகு மாத்திரைக்குக் காசில்லாமலோ சொல்ல ஆளில்லாமலோ ஹார்மோனை விட்டுவிடும்போது வருகிறது. உடம்பில் இரண்டு ஹார்மோன்களுமே இல்லாத நிலை அது.

2002 முதல் 2025 வரை: ஹார்மோன் மருந்தின் கதை

1990-களில் மெனோபாஸ் தாண்டிய பெண்களுக்கு, இதயத்துக்கு நல்லது என்ற நம்பிக்கையில் ஹார்மோன் மருந்தைத் தாராளமாக எழுதினார்கள். பெண்களின் ஆரோக்கிய முன்னெடுப்பு என்ற பெயரில் அமெரிக்க அரசு நடத்திய பெரும் பரிசோதனையில் 16,608 பெண்கள் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையையோ வெற்று மாத்திரையையோ எடுத்தார்கள். 2002 ஜூலையில் அது பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 10,000 பெண்கள் ஓராண்டு மருந்து எடுத்தால் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய், 7 பேருக்கு இதய நோய், 8 பேருக்குப் பக்கவாதம். இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. விகிதமாகப் பார்த்தால் இடுப்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எலும்பைப் பொறுத்தவரை மருந்து தேர்ச்சி பெற்றது. மற்ற பாடங்களில்தான் தோற்றது.

பரிசோதனையில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது பல காலம் தலைப்புச் செய்திகளில் வரவில்லை. மெனோபாஸ் ஆகிப் பத்து வருடம் தாண்டியவர்களை வைத்து வந்த முடிவை, 48 வயதில் உடம்பு கொதித்துத் தூக்கம் வராமல் தவிப்பவருக்கும் அப்படியே பொருத்திவிட்டார்கள். பிற்பாடு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் ஆகிப் பத்து வருடத்துக்குள் தொடங்குவோருக்கு ஆபத்து குறைவு என்று தெரிந்தது. 2025 நவம்பர் அறிவிப்பின் பின்னணி இதுதான்.

அறிவிப்பு சொல்லாததையும் கவனிக்க வேண்டும்.

1. கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுத்தால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். அந்த எச்சரிக்கையை நீக்கவில்லை.

2. மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு இது பொதுவாக ஏற்றதல்ல.

3. நிறுத்திய சில வருடங்களில் எலும்புக்குக் கிடைத்த காப்பும் கரைந்துபோகும்.

4. எல்லோரையும்விடத் தேவை அதிகம் உள்ளவர்கள் வேறு: 40 வயதுக்கு முன்பே மெனோபாஸ் ஆனவர்கள், சினைப்பைகளை இளம் வயதில் இழந்தவர்கள். தடை எதுவும் இல்லையென்றால், இயற்கையான மெனோபாஸ் வயது வரைக்கும் இவர்கள் ஹார்மோன் எடுப்பதே மருத்துவ வழிகாட்டுதல். 2002-ன் பயம் இவர்களையும் சேர்த்து மருந்திலிருந்து விரட்டியது. எனக்கு அந்தக் கதையில் மிக வருத்தமான பகுதி அதுதான்.

ரிப்போர்ட்டில் என்ன பார்ப்பது?

எலும்பு அடர்த்தியை அளக்க ஏற்ற கருவி டெக்ஸா ஸ்கேன். அதில் வரும் டி-ஸ்கோர், இளம் வயதினரின் சராசரியிலிருந்து உங்கள் எலும்பு எவ்வளவு கீழே என்று சொல்லும் எண். மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையே அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. 1994-ல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கோடு இது. வயதானவர்களின் இடுப்பு முள்ளெலும்பில் எலும்பு முட்டுகள் வளர்ந்திருந்தால் அந்த இடத்து எண் பொய்யாக நன்றாகக் காட்டும். அப்போது தொடை எலும்புக் கழுத்தின் எண்ணை நம்ப வேண்டும்.

இலவச முகாம்களில் குதிகாலைக் கருவிக்குள் வைத்து அளப்பது அல்ட்ராசவுண்ட். மைனஸ் 2.5 என்ற கோடு அதற்குப் பொருந்தாது. அங்கே தரும் சீட்டை வைத்து மருந்து தொடங்கக் கூடாது. டெக்ஸா எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்க அது ஒரு காரணம், அவ்வளவே.

கால்சியமும் மற்ற மருந்துகளும்

செங்கல் இல்லாமல் கட்ட முடியாது என்பதால் கால்சியமும் வேண்டும்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி வளர்ந்தவருக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம், மெனோபாஸ் ஆன பெண்ணுக்கு 1,200. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது; ஒரு டம்ளர் பாலில் 240 போல. வைட்டமின் டி, நடை, எடை தூக்கும் பயிற்சி எல்லாம் சேரும். ஆனால் இவை ஈஸ்ட்ரோஜனின் இடத்தை நிரப்புவதில்லை.

ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்கு இடிக்கும் செல்லை அடக்கும் வேறு மருந்துகள் இருக்கின்றன. அலென்ட்ரோனேட், ஜோலட்ரோனிக் அமிலம் போன்றவை எலும்பிலேயே படிந்து, கடிக்க வரும் ஆஸ்டியோகிளாஸ்டை முடக்கும். ரலாக்சிஃபின் எலும்பில் ஈஸ்ட்ரோஜன் போல நடந்து மார்பகத்தில் அதை எதிர்க்கும். முதுகெலும்பு முறிவைக் குறைக்கும், இடுப்பு முறிவைக் குறைத்ததாகக் காட்டவில்லை. 2010-ல் அனுமதி பெற்ற டெனோசுமாப், மேலே பார்த்த போலிப் பூட்டின் வேலையை அப்படியே செய்கிறது: ராங்க்-லிகண்ட் சாவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, வலியில்லை, பலரும் விரும்புகிறார்கள். ஆனால் "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டால், பிடித்துவைத்த சாவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விடுபடும். அடக்கிவைத்த இடிப்பு வேலை முன்பைவிட வேகமாகத் தொடங்கி, சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கியிருக்கின்றன. நிறுத்துவதானால் அதற்குப் பதிலாக அலென்ட்ரோனேட் வகை மருந்துக்கு மாறியபடிதான் நிறுத்த வேண்டும். முதல் ஊசி போடுவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவைப்பது நல்லது.